கை ஓடுதா?

விடியற்காலை ஐந்தே முக்கால் மணி. டயாலிசிஸ் பிரிவின் கதவு இன்னும் திறக்கவில்லை. வராந்தா நாற்காலிகளில் முதல் ஷிஃப்ட்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோர் மடியிலும் ஒரு போர்வை, ஒரு ஃபைல். கடைமடைப் பக்கத்து விவசாயி ஒருவர், அறுபதைத் தாண்டியவர், தோளில் பச்சைத் துண்டு, இடது மணிக்கட்டின் மேல் வலது கைக் கட்டைவிரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி. மடியில் தூக்குச்சட்டி இருக்கிறது. அதைத் திறக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஓடுதாங்க?"

"ம். ஓடுது."

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா தூக்கைத் திறந்து இட்லியை எடுத்தார்.

அக்காவுக்குத் துணையாக செவ்வாயும் வெள்ளியும் இங்கே வருகிறேன். ஐந்து மாதமாகிறது. கதவை ஒட்டிய முதல் கட்டில் அக்காவுடையது. அதன் கால்மாட்டில் எனக்கு ஒரு ஸ்டூல். மெஷினில் போட்ட அரைமணி நேரத்தில் அக்கா தூங்கிவிடுவாள். மிச்ச நேரமெல்லாம் நான் அறையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த ஐந்து மாதத்தில் அந்தக் கேள்வியும் பதிலும் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

"கையும் ஓடல, காலும் ஓடல" என்று பதற்றத்தில் சொல்வோம். இந்த அறையில் கை ஓடுவது என்றால் நேர்ப்பொருளிலேயே ஓடுவது. தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுகிறது. விரலை வைத்தால், பம்ப்செட் ஓடும்போது குழாய்மேல் கை வைத்தாற்போலக் குறுகுறுவென்று அதிர்கிறது. அந்த அதிர்வு நின்றுவிட்டால் அடுத்த டயாலிசிஸுக்கு வழி அடைந்துவிட்டது என்று அர்த்தம்.

மெஷினுக்கு நிமிடத்துக்கு 250 முதல் 400 மில்லி ரத்தம் வேண்டும். சாதாரணச் சிரைகளால் அவ்வளவு தர முடியாது. தமனியில் வேகம் உண்டு. ஆனால் அது ஆழத்தில் கிடக்கிறது, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அதில் குத்திக்கொண்டிருக்கவும் முடியாது. சிறுநீரகத்துக்கு மாற்றாக ஒரு மெஷினை 1943-லேயே நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் செய்துவிட்டார். உடம்புக்குள் திரும்பத் திரும்பப் போய்வர ஒரு வாசல் இல்லாததால், நாள்பட்ட நோயாளிகளுக்கு அந்த மெஷின் பல வருஷம் பயன்படவில்லை. 1960-ல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் டெஃப்லான் குழாயைக் கையிலேயே பொருத்தி வெளியே விட்டார். அதைப் பொருத்திக்கொண்ட க்ளைட் ஷீல்ட்ஸ் என்ற மெஷின் தொழிலாளி மேலும் 11 வருஷம் வாழ்ந்தார். ஆனாலும் அந்தக் குழாயில் சீழ் பிடிக்கும், ரத்தம் உறையும். பிறகு நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், சிமினோ, பிரெஷியா என்ற மருத்துவர்களும் ஆப்பெல் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரும், குழாயே வேண்டாம் என்று மணிக்கட்டுத் தமனியைப் பக்கத்துச் சிரையோடு தைத்துவிட்டார்கள். 1966-ல் அதை எழுதி வெளியிட்டார்கள். இந்த அறையில் எல்லோரும் 'ஃபிஸ்டுலா கை' என்று சொல்வது அதைத்தான்.

விவசாயி அதைத் தன் பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒருநாள் விளக்கினார். "ஆத்துத் தண்ணிய நேரா வாய்க்காலுக்குத் தொறந்துவிட்ட மாதிரிங்க. மொதல்ல வாய்க்கா தாங்காது. ஒரு மாசம், ஒண்ணரை மாசம் ஓடி ஓடி அதுவே அகண்டுக்கும்."

மருத்துவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார்கள். ஆறின் கணக்கு என்று அதற்குப் பெயர்: 6 வாரத்தில், நிமிடத்துக்கு 600 மில்லி ஓட்டம், 6 மில்லிமீட்டர் அகலம், தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் ஆழம்.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. எடை பார்க்கும் மெஷின் முன்னால் வரிசை. "ரெண்டரை கிலோ ஏறியிருக்குய்யா, தண்ணி கொறைங்க." வழக்கமான பேச்சு. நான் பார்ப்பது கைகளை. இடது, இடது, வலது, இடது. சிலருக்கு மணிக்கட்டில் ஆரம்பிக்கிறது. சிலருக்கு முழங்கை மடிப்பில். வருஷக்கணக்கில் ஊசி ஏறிய கைகளில் சிரை கயிறுபோல முறுக்கிக்கொண்டு, ஊசி போடும் இடங்களில் உருண்டு நிற்கிறது. மூன்றாவது கட்டிலுக்கு வரும் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். வலது கையில் முழங்கைப் பக்கம் வரை கண்ணாடி வளையல். இடது கையில் ஒன்றுகூட இல்லை. ஃபிஸ்டுலா கையில் வளையல், வாட்ச், கயிறு எதுவும் கூடாது. அதில் பிபி பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது. இடது கையில் போடாத வளையல்களையும் சேர்த்து வலது கையிலேயே போட்டுக்கொண்டிருக்கிறாளோ என்று எனக்குத் தோன்றும். பஸ்ஸில் வரும்போது இடது கையை முந்தானையால் மூடிக்கொண்டு வருவாள். உள்ளே வந்துதான் எடுப்பாள்.

டெக்னீஷியனுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது. எல்லோருக்கும் அவர் 'தம்பி'. அவர் ஊசி போடுவதை முதல்முறை பார்த்தபோது என் கவனமெல்லாம் ஊசியின் பருமனில்தான் இருந்தது. பேனா ரீஃபில் கனத்துக்கு ஊசி. ஊசிக்கு முன்னால் அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

முதலில் கையைக் கழுவச் சொல்கிறார். அப்புறம் வெறுமனே பார்க்கிறார்; சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, தோல் எங்காவது மெலிந்து பளபளக்கிறதா. அடுத்து மூன்று விரல்களைத் தையல் இருக்கும் இடத்திலிருந்து மேலே தோள்வரை மெல்ல நகர்த்திக்கொண்டு போகிறார். "த்ரில் நல்லாருக்குய்யா." அந்த அதிர்வுக்கு இங்கே த்ரில் என்று பெயர். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கிறார். பிறகு கையை அப்படியே தூக்கிப் பிடிக்கிறார். தூக்கினால் புடைத்த சிரை தளர்ந்து தணிய வேண்டும். தணியாமல் விறைத்தே நின்றால், மேலே எங்கோ ரத்தம் போகும் வழி குறுகியிருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தில் அவர் யாரோடும் பேசுவதில்லை.

ஸ்டெதஸ்கோப்பில் நல்ல கையின் சத்தம் தாழ்ந்து, விடாமல், இரைச்சலாகக் கேட்குமாம். குறுகிய இடத்தில் கீச்சென்று உயர்ந்து, விட்டு விட்டுக் கேட்கும். நர்சிங் மாணவிகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததை நான் ஸ்டூலில் இருந்தபடி கேட்டேன். விவசாயியும் கேட்டுக்கொண்டிருந்தார். "தண்ணியும் அப்படித்தானே தம்பி. அகலமான வாய்க்கால்ல சத்தமே இருக்காது. நெருக்குற எடத்துலதான் கத்தும்." தம்பி சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தார்.

ஃபிஸ்டுலா ஒரே நாளில் அடைவது குறைவு. தமனியின் வேகமும் அழுத்தமும் சிரைக்குப் பழக்கமில்லாதவை. அதைத் தாங்க உள்சுவர் தடிக்கிறது, தடித்துத் தடித்து வழி குறுகுகிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கிற வேலை இது. ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்க வழக்கத்தைவிட நேரமாகும், மெஷினில் அழுத்தம் ஏறும், அதிர்வு மங்கும். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் பலூன் வைத்து அகட்டிவிடலாம். தவறவிட்டால் ஒருநாள் குறுகிய இடத்தில் ரத்தம் உறைந்து, மொத்தமும் நின்றுவிடும்.

ஐந்தாவது கட்டிலில் இருக்கும் பையனுக்கு அப்படித்தான் நின்றது. இருபத்திரண்டு வயது. இப்போது கழுத்தில் குழாய் போட்டு அதன் வழியாக டயாலிசிஸ் நடக்கிறது. இடது மணிக்கட்டு நின்றுபோனதால் முழங்கை மடிப்பில் புதிதாகத் தைத்திருக்கிறார்கள். தைத்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அதில் ஊசி போட இன்னும் ஒரு மாதமாவது ஆகும். கட்டிலில் படுத்துக்கொண்டு பஞ்சுப் பந்து ஒன்றை அமுக்கி அமுக்கி விடுகிறான். அவன் அம்மா, அக்காவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"வெள்ளிக்கெழம முடிஞ்சு கெளம்பறப்ப பிபி எறங்கிப்போச்சும்மா. வீட்டுக்குப் போயி படுத்தவன் நல்லா தூங்கினான். பாவம் தூங்கட்டும்னு விட்டுட்டேன். சனி, ஞாயிறு, திங்கள்... எனக்குத் தொட்டுப் பாக்கணும்னு தோணவே இல்ல. செவ்வாக்கெழம இங்க வந்து தம்பி கைய வச்சுப் பாத்துட்டுப் பேசாம நின்னுச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி வரை கணக்குப் பார்த்தால் தொண்ணூறு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. உறைந்த வழியை ஓரிரு நாளுக்குள் பார்த்தால் திறக்க வாய்ப்பு அதிகம். அதற்கப்புறம் கடினம். மனிதக் கையில் இப்படித் தைப்பதற்கான இடங்களும் எண்ணிவிடக் கூடியவை: மணிக்கட்டு, முழங்கை, மேற்கை, அப்புறம் அடுத்த கை. அவனுக்கு இருபத்திரண்டில் ஒன்று போய்விட்டது.

அந்தத் தொண்ணூறு மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் நான்கு மணி நேரத்துக்கு விரல் இருக்கிறது, காது இருக்கிறது, மெஷின் இருக்கிறது. வீட்டில் அந்தக் கைக்குக் காவல் யார்?

இந்த அறையில் வெளிச்சம் ஏற்கெனவே பல இடங்களில் காவல் இருக்கிறது. மெஷினின் உள்ளே, டயலைசர் என்ற வடிகட்டியிலிருந்து வெளியேறும் கழிவு நீரின் குறுக்கே ஒரு ஒளிக்கதிர் போய்க்கொண்டே இருக்கிறது. வடிகட்டியில் இழை ஏதாவது அறுந்து துளி ரத்தம் கலந்தாலும் நீர் மங்கும், ஒளி குறையும், அலாரம் அடித்துப் பம்ப் நிற்கும். திரும்பி வரும் ரத்தக்குழாயைக் கவ்வும் இடத்தில் இன்னொரு ஒளிக்கண். குழாயில் ஓடுவது உப்புநீரா ரத்தமா என்று அதற்குத் தெரியும். ஊசி போட்டு, குழாயில் சிவப்பு ஏறும்போது மெஷின் தானாக நிலை மாறுவது அதனால்தான். எல்லோருடைய விரலிலும் மாட்டிவிடும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் அதே குடும்பம்.

ஆனால் ஒளியால் இதைவிடக் கூர்மையான வேலை செய்ய முடியும் என்பது 1990-களிலேயே அமெரிக்காவில் தெளிவாகிவிட்டது. க்ரிட்-லைன் என்ற கருவி, மெஷினுக்குப் போகும் ரத்தத்தின் குறுக்கே ஒளியைச் செலுத்தி, அதில் சிவப்பணு எவ்வளவு அடர்த்தி என்று நொடிக்கு நொடி சொன்னது. அதற்குத் தேர்ந்தெடுத்தது கண்ணுக்குத் தெரியாத, சுமார் 810 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் அந்த ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில்தான் உறிஞ்சும். அதனால் அடர்த்தி மட்டும் தனியாகத் தெரியும்.

அடர்த்தி தெரிந்தால் கையின் ஓட்டத்தையும் அளக்கலாம். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்க்க, மேலே ஒரு குடம் மஞ்சள் நீரை ஊற்றிவிட்டுக் கீழே எவ்வளவு வெளுத்து வருகிறது என்று பார்ப்பது போல. வாய்க்காலில் தண்ணீர் அதிகம் இருந்தால் மஞ்சள் வெளுத்துவிடும். டயாலிசிஸில், ரத்தத்தை எடுக்கும் குழாயையும் திருப்பி விடும் குழாயையும் சில நிமிடம் மாற்றிப் பொருத்தி, மெஷினிலிருந்து வரும் ரத்தத்தை மேல்மடையில் விட்டு, மெஷினுக்கு வேண்டியதைக் கீழ்மடையில் எடுக்கிறார்கள். பிறகு கொஞ்சம் உப்புநீரைச் செலுத்துகிறார்கள். செலுத்தியதில் எத்தனை பங்கு மறுபடி மெஷினுக்கே வந்து சேர்கிறது என்பதில் கணக்கு இருக்கிறது. பம்ப் நிமிடத்துக்கு 300 மில்லி இழுக்கும்போது நாலில் ஒரு பங்கு திரும்பி வந்தால், கையில் ஓடுவது 900. பாதி திரும்பி வந்தால் 300 மட்டுமே. அந்தக் கை ஆபத்தில் இருக்கிறது. 1995-ல் நிகோலாய் க்ரிவிட்ஸ்கி இந்தக் கணக்கை மீயொலி கொண்டு நிலைநாட்டினார். ஒளியாலும் அதையே செய்யலாம்: உப்புநீர் கலந்த ரத்தம் வெளிச்சத்தை அதிகம் விடும். குழாயை மாற்றாமலே, ஊசிக்குக் கொஞ்சம் மேலே தோலின்மேல் ஒளி உணரியை ஒட்டி, நீர்த்த ரத்தம் அடியில் போகும்போது பிடித்துவிடும் முறையும் வந்தது.

இந்தக் கருவிகள் இந்த அறையில் இல்லை. இங்கே தம்பியின் மூன்று விரல்கள்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் தேசியச் சிறுநீரக அறக்கட்டளை கொண்டுவந்த 2019-ஆம் ஆண்டு வழிகாட்டியும் பழகிய கையால் தொட்டு, பார்த்து, கேட்பதைத்தான் முதலில் வைக்கிறது. கருவி அதற்குத் துணை.

மாசிக் கடைசி வெள்ளிக்கிழமை ஒரு பெண் வந்தாள். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம். தோளில் பை, கையில் டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம். சிஸ்டரிடம் காட்டிவிட்டு, ஒவ்வொரு கட்டிலாகப் போய், "அம்மா, இது சும்மா வெளிச்சம்தான், ஊசி இல்ல, உங்க கையில ரெண்டு நிமிஷம் வச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றவர்களிடம் வற்புறுத்தவில்லை. விவசாயி, "வைம்மா" என்று கையை நீட்டினார்.

அவள் எடுத்தது கட்டைவிரல் நகத்தளவு ஒரு பலகை. சில நூறு ரூபாய்க்குக் கடைகளில் கிடைக்கிற வகை. அதில் இரண்டு விளக்குகள்: 660 நானோமீட்டர் சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத 880 அகச்சிவப்பு. பக்கத்திலேயே திரும்பி வரும் ஒளியை வாங்கும் கண். இதயம் துடிக்கும்போது நாளங்கள் நிறைகின்றன. நிறைந்த ரத்தம் ஒளியை அதிகம் விழுங்குகிறது. அடுத்த கணம் வடிகிறது, ஒளி கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கம் லேப்டாப்பில் அலையாக ஓட வேண்டும்.

அலை வரவில்லை. கோடு நெளிந்து நெளிந்து எங்கோ போயிற்று. அவள் பலகையைக் கொஞ்சம் அழுத்தினாள். அலை செத்தே போயிற்று. அழுத்தத்தைத் தளர்த்தினாள். மேலே இருந்த டியூப்லைட்டைப் பார்த்தாள். விவசாயி தன் தோளிலிருந்த பச்சைத் துண்டை எடுத்து நீட்டினார். அதை நான்காக மடித்துக் கையின்மேல் போர்த்தினாள். "ஐயா, கொஞ்ச நேரம் விரல அசைக்காதீங்க." துண்டுக்கு அடியில் விளக்கு இருந்த இடம் மங்கலாகச் சிவந்தது. திரையில் கோடு ஒருமுறை தடுமாறி, பிறகு ஏறியது, இறங்கியது, ஏறியது.

ஒளியை வைத்து நாடி பிடிப்பது 1930-களிலேயே இருந்த யோசனை. அதன் பெரிய திருப்பம் ஜப்பானில் நடந்தது. 1970-களின் தொடக்கத்தில் டக்குவோ அவோயாகி என்ற பொறியாளர், ரத்தத்தில் சாயத்தைச் செலுத்தி, அது வெளுத்து வருவதைக் காதுமடலில் ஒளியால் பார்த்து, இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்க முயன்றார். அதே மஞ்சள் நீர்க் கணக்கு. ஒவ்வொரு நாடித்துடிப்பும் அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் துடிப்பை நீக்க இரண்டு நிற ஒளிகளைப் பயன்படுத்தியபோது, துடிப்பிலேயே ஆக்ஸிஜனின் அளவு இருப்பதைக் கண்டார். 1974-ல் பல்ஸ் ஆக்ஸிமெட்ரி பிறந்தது அப்படி. அவர் 2020 ஏப்ரலில் இறந்தபோது, கொரோனாக் காலத்து உலகம் முழுக்க அவருடைய கருவியை விரலில் மாட்டிக்கொண்டிருந்தது.

அதே வருஷம் டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்தும் விரல் கருவி சரியாக இருப்பதாகக் காட்டிய தவறு, வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நடந்திருந்தது. தோலின் கருமையும் ஒளியைக் குடிக்கிறது. பச்சை ஒளியை அதிகமாக, சிவப்பை அதைவிடக் குறைவாக, அகச்சிவப்பை இன்னும் குறைவாக.

விவசாயியின் கை ஐம்பது வருஷ வெயில் குடித்த கை. அந்தப் பெண் விளக்கின் பிரகாசத்தை ஏற்றி ஏற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். அக்காவின் கையில் வேறு அளவு. வளையல்காரியின் கையில் வேறு. அவள் நோட்டில் ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பதில் எண். எண்ணுக்குப் பக்கத்தில் தோல் நிறம் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்தது. இந்த வகைக் கருவிகள் எங்கே செய்யப்பட்டாலும், இந்தக் கைகளின்மேல் வைத்துப் பார்க்காமல் இந்தக் கைகளுக்கு விற்கக் கூடாது. 6 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் ஓடும் சிரையைத் தேடித்தான் ஒளி உள்ளே போகிறது. போகும் வழியிலேயே பாதியைத் தோல் வாங்கிக்கொள்ளும் என்பது கணக்கில் இல்லாவிட்டால், கருவி யாரோ ஒருவருடைய கைக்கான கருவியாகத்தான் இருக்கும்.

இடது கையில் வைத்த பிறகு அவள் வலது கையிலும் வைத்தாள். இரண்டு அலைகளையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தாள். மக்கள்தொகைக்கு மிக அதிகமான டயாலிசிஸ் நோயாளிகள் இருக்கும் தைவானில், தோல்மேல் வைத்த ஒளியைக் கொண்டே ஃபிஸ்டுலாவின் ஓட்டத்தை மில்லி கணக்கில் கணிக்க முயன்றிருக்கிறார்கள். அவளுக்கு அவ்வளவு பெரிய ஆசை இல்லை. தம்பியிடம் அவள் சொன்னது இதுதான்: "எத்தனை மில்லின்னு சொல்ல முடியாதுங்கண்ணா. இந்த ஐயாவோட கை போன வாரம் எப்படி இருந்துச்சு, இந்த வாரம் எப்படி இருக்குன்னு மட்டும் சொன்னாப் போதும்." தம்பி தலையசைத்தார். அவர் விரல்கள் செய்வதும் அதைத்தான்.

ஒன்பது மணிக்கு சிஸ்டர் எழுந்து வந்தார். வளையல்காரி குளிருகிறது என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தாள். சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் போர்வையின் ஒரு பக்கத்தை மடித்து, ஊசி போட்ட கையை மட்டும் வெளியே எடுத்து வைத்தார். அரைமணி கழித்துப் பார்த்தால் கை மறுபடி உள்ளே. சிஸ்டர் மறுபடி வந்தார். "மூடாதம்மா. எனக்கு இங்கேந்து தெரியணும்."

அவளுக்குக் குளிர் மட்டும் காரணமா என்று எனக்குச் சந்தேகம். சிஸ்டரின் கவலை வேறு. ரத்தம் திரும்பி உள்ளே போகும் ஊசி நழுவி வெளியே வந்தால் மெஷின் எப்போதும் கண்டுபிடித்துவிடும் என்று சொல்ல முடியாது. குழாயில் தெரியும் அழுத்தத்தில் பெரும்பங்கு ஊசியின் குறுகலால் வருவது. ஊசி கையில் இருந்தாலும் படுக்கையில் கிடந்தாலும் அழுத்தம் அதிகம் மாறுவதில்லை. பம்ப் நிமிடத்துக்கு 300 மில்லி வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்தில் ஒன்றரை லிட்டர். உடம்பில் மொத்தமே ஏறக்குறைய ஐந்து லிட்டர். போர்வைக்குள் நடந்தால் யாருக்கும் தெரியாது. இதற்காகவே ஸ்வீடனில் ரெட்சென்ஸ் என்ற ஒளிக்காவலைச் செய்தார்கள். ஊசி ஏறிய இடத்தின்மேல் ஒட்டும் சிறு பட்டையில் ஒளியிழை, பட்டை ரத்தத்தில் நனைந்தால் திரும்பி வரும் ஒளி மாறும், அலாரம் அடிக்கும். போர்வை போர்த்தியிருந்தாலும், இருட்டாக இருந்தாலும் அதற்குத் தெரியும். இங்கே சிஸ்டரின் கண்தான் அந்த ஒளியிழை. பத்துக் கட்டிலுக்கு இரண்டு கண்.

மூன்றாவது முறை சிஸ்டர் வந்தபோது ஒரு வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தார். அதற்கப்புறம் கை வெளியிலேயே இருந்தது.

பத்தரைக்கு மெஷின்கள் ஒவ்வொன்றாக முடிந்த ஓசை எழுப்பத் தொடங்கின. ஊசியை எடுத்து மடித்த துணியை வைத்ததும், விவசாயியின் மனைவி வந்து இரண்டு விரலால் அழுத்திக்கொண்டார். அதிகம் அழுத்தினால் ஓட்டம் நிற்கும், குறைத்தால் ரத்தம் வரும். இவருக்கு இந்த அளவு விரலிலேயே பழகியிருக்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம்.

அந்தப் பெண் திரும்ப வந்தாள். "ஐயா, முடிஞ்சப்புறம் ஒரே ஒரு தடவை." பச்சைத் துண்டு மறுபடி நான்காக மடிந்தது. திரையில் அலை வந்தது. விவசாயியின் மனைவி முதல்முறையாகத் திரையைப் பார்த்தார்.

"இது இவங்க கைதானா?"

"ஆமாம்மா."

அந்த அம்மா துண்டுக்கு வெளியே, மணிக்கட்டில், தன் கட்டைவிரலை வைத்தார். கண் திரையில் இருந்தது. அலை ஏறும்போதெல்லாம் அவர் தலை கொஞ்சமாக அசைந்தது.

ஐந்தாவது கட்டில் பையனின் அம்மா எப்போது எழுந்து வந்தார் என்று நான் பார்க்கவில்லை. லேப்டாப்புக்குப் பின்னால் நின்றிருந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இத வீட்டுக்குக் குடுப்பாங்களா கண்ணு?"

அந்தப் பெண் கொஞ்சம் தடுமாறினாள். "இன்னும் இல்லம்மா. இது காலேஜ் ப்ராஜெக்ட்தான்."

"சரிம்மா" என்றார் அவர். தன் கட்டிலுக்குத் திரும்பினார். பையன் தூங்கிக்கொண்டிருந்தான், பஞ்சுப் பந்து கையிலிருந்து நழுவிப் படுக்கையில் கிடந்தது. இத்தனை நேரமும் அவன் வலது பக்கம் கிடந்த தன் ஸ்டூலைச் சத்தமில்லாமல் தூக்கி, இடது பக்கம், முழங்கைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.